சிகரத்திற்குச் சற்றுக் கீழே

எருசலேம் திருக்கோவிலின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, அங்கிருந்து கீழே குதிக்கும்படி அலகை தூண்டிய நிகழ்ச்சியைத் தவக்காலத்தின் தொடக்கத்தில் நாம் கேட்கிறோம். வானதூதர் தாங்கிக்கொள்வர் என்னும் இறைவாக்கையே அலகை அங்குச் சான்றாக எடுத்துக்காட்டியது. இயேசுவோ குதிக்க மறுத்தார். இறைவனை நம்புவது வேறு, அவரைச் சோதித்துப் பார்ப்பது வேறு என்பதை அந்த மறுப்பு நமக்கு உணர்த்துகின்றது. உயரமான இடத்தில் நிற்கும் மனிதனுக்கு இந்த வேறுபாடு விளங்குவது எளிதன்று. அதை விளங்கிக்கொள்ள மனிதகுலம் நெடுங்காலம் பாடுபட்டிருக்கின்றது; பலர் அதற்கு உயிரையே விலையாகத் தந்திருக்கின்றனர்.

மலையேறுவோரைப் பற்றி நம்மிடையே இருவகை எண்ணங்கள் உண்டு. அவர்களை வீரர் என்று வியப்பது ஒன்று. இறைவன் தந்த உயிரை வீம்புக்காகப் பணயம் வைப்பவர் என்று பழிப்பது மற்றொன்று. காலால் நடந்து ஏறும் குன்றைப் பற்றி நாம் இங்குப் பேசவில்லை. கையும் காலும் சேர்த்துப் பாறையைப் பற்றி, இருமருங்கும் பாதாளம் வாய்பிளந்து நிற்கும் முகடுகளின் வழியே ஏறுகின்ற ஏற்றத்தைப் பற்றிப் பேசுகின்றோம். அத்தகைய ஏற்றத்தைப் பாதுகாப்பாகச் செய்யும் கலை எவ்வாறு வளர்ந்தது என்று வரலாற்றைக் கேட்டால், அது நம்மை ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு அழைத்துச் செல்கின்றது. அந்த வரலாற்றில் குருவானவர்கள் சிலர் எதிர்பாராத இடங்களில் நிற்கின்றனர். அவர்களுள் ஒருவர் பின்னர் பேதுருவின் அரியணையிலும் அமர்ந்தார்.

கணவாயின் காவலர்கள்

பழங்காலத்தில் பெரும்பாலோர் மகிழ்ச்சிக்காக மலையேறவில்லை. இத்தாலிக்கும் வடநாடுகளுக்கும் இடையே சென்ற வணிகரும், உரோமை நகர் நோக்கி நடந்த திருப்பயணிகளும் வேறு வழியின்றியே ஆல்ப்ஸ் கணவாய்களைக் கடந்தனர். அவற்றுள் ஒன்று கடல் மட்டத்திலிருந்து 2,469 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி அங்குப் பனி மூடியிருக்கும். பனிப்புயலில் வழி தவறியவர்களும் பனிச்சரிவில் புதையுண்டவர்களும் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்வாரில்லை.

அயோஸ்தா நகரின் தலைமைத் திருத்தொண்டராயிருந்த பெர்நார்து என்பவர், ஏறத்தாழ 1050ஆம் ஆண்டில் அக்கணவாயின் உச்சியில் ஒரு விடுதியை எழுப்பினார். இன்று அக்கணவாய் அவர் பெயராலேயே பெரிய புனித பெர்நார்து கணவாய் என வழங்குகின்றது. விடுதியைக் காத்துவந்த துறவியரின் பணி, வந்து கதவைத் தட்டியவர்களுக்கு உணவும் படுக்கையும் தருவதோடு முடியவில்லை. வானம் கறுத்த நாள்களில் அவர்களே பனியில் இறங்கி, வழியில் வருவோர் உண்டா என்று தேடிச் சென்றனர். பயணிகளைப் பாதுகாப்பான இடம்வரை உடன் சென்று வழியனுப்பினர். பிற்காலத்தில் அவர்கள் வளர்த்த பெரிய நாய்கள் இத்தேடலில் துணை நின்றன. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்ததாகச் சொல்வர். அதன் உடல் பதப்படுத்தப்பட்டு இன்றும் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. நாயின் கழுத்தில் மதுக்குப்பி தொங்கியது என்பது மட்டும் பிற்காலக் கற்பனை.

மலைப் பாதுகாப்பின் முதல் பாடத்தை இவ்விடுதியில்தான் காண்கின்றோம். மலையில் தனியொருவனின் வலிமை போதாது. அவனைத் தேடி வரும் இன்னொருவர் வேண்டும். பின்னாளில் வந்த கருவிகளும் விதிகளும் இந்த எளிய உண்மையின் மீதே கட்டப்பட்டன.

அறுந்த கயிறு

பதினெட்டாம் நூற்றாண்டில் மனிதரின் பார்வை மாறிற்று. ஜெனீவா நகரின் அறிஞரான தெ சொசூர் என்பவர், ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான மொன் பிளானுக்கு வழி காண்பவருக்குப் பரிசளிப்பதாக 1760இல் அறிவித்தார். 1786 ஆகஸ்டு 8ஆம் நாள் மருத்துவர் பக்கார் என்பவரும், மலையில் படிகக் கற்களைத் தேடி விற்று வாழ்ந்த பல்மா என்பவரும் அதன் உச்சியை அடைந்தனர். அதன்பின் சிகரங்களை நாடிச் செல்வது ஒரு வழக்கமாயிற்று. 1857இல் இலண்டன் மாநகரில் ஆல்ப்ஸ் கழகம் தோன்றியது. 1863இல் சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும் அத்தகைய கழகங்கள் எழுந்தன.

ஒன்றன்பின் ஒன்றாகச் சிகரங்கள் மனிதரின் காலடிக்கு வந்தன. மேட்டர்ஹார்ன் இன்னும் எஞ்சி நின்றது. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாக, 4,478 மீட்டர் உயரத்தில், நான்கு பக்கமும் செங்குத்தாக நிற்கும் பாறைக் கூம்பு அது. எட்வர்டு விம்பர் என்னும் ஆங்கிலேய ஓவியர் பலமுறை முயன்று தோற்றிருந்தார். 1865 ஜூலை 14ஆம் நாள் பிற்பகல், ஏழு பேர் கொண்ட குழுவோடு அவர் உச்சியை அடைந்தார். ஹட்சன் என்னும் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குரு, பதினெட்டு வயது டக்ளஸ் பிரபு, பத்தொன்பது வயது ஹாடோ, வழிகாட்டிகளான மிஷேல் குரோ, செர்மாட் ஊரைச் சேர்ந்த டாக்வால்டர், அவருடைய மகன் ஆகியோர் அக்குழுவினர்.

ஒரு மணி நேரம் உச்சியில் மகிழ்ந்திருந்துவிட்டு அவர்கள் இறங்கத் தொடங்கினர். ஏழு பேரும் ஒருவர்பின் ஒருவராகக் கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தனர். இளைஞர் ஹாடோவுக்கு ஆல்ப்ஸ் மலையில் அதுவே முதல் பருவம். அவருடைய பாதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாறையில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தார் குரோ. அவர் தாம் இறங்குவதற்காகத் திரும்பிய கணத்தில் ஹாடோவின் கால் வழுக்கியது. ஹாடோ குரோவைத் தள்ளினார். அவர்கள் விழுந்த வேகம் ஹட்சனையும், அவரையடுத்து டக்ளஸையும் இழுத்தது. மேலே நின்ற டாக்வால்டரும் விம்பரும் பாறையை இறுகப் பற்றிக் கயிற்றின் இழுப்பைத் தாங்கினர். டக்ளஸுக்கும் டாக்வால்டருக்கும் இடையே கயிறு அறுந்தது. நால்வர் ஏறத்தாழ 1,200 மீட்டர் ஆழத்தில் இருந்த பனியாற்றில் வீழ்ந்து மாண்டனர். டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அறுந்த கயிறு, அவர்கள் கொண்டுவந்த மூவகைக் கயிறுகளுள் மிக மெல்லியது. பாறையில் கட்டிவிட்டு வருவதற்கென எடுத்து வந்தது. அதைவிட வலிய கயிறு அவர்களிடம் பயன்படாமல் கிடந்தது. கடினமான இடத்தில் பாறையில் ஒரு கயிற்றைக் கட்டிக் கூடுதல் பாதுகாப்புச் செய்யலாமென்று விம்பர் உச்சியில் ஹட்சனிடம் பேசியதும் உண்டு; ஆனால் அது முடிவாகவில்லை. தம்மைக் காத்துக்கொள்ளவே டாக்வால்டர் கயிற்றை அறுத்தார் என்றுகூடச் சிலர் வதந்தி பரப்பினர். விசாரணை அவர்மீது குற்றமில்லை என்று கண்டது. ஆயினும் அப்பழி அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அறுந்த கயிற்றின் துண்டு செர்மாட் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

இக்கொடிய நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்கினால், எந்தப் பெரும் புயலும் அவர்களைக் கொல்லவில்லை என்பது புலனாகும். பழகாத இளைஞர் ஒருவரை மிகக் கடினமான மலைக்கு அழைத்துச் சென்றது, நல்ல கயிற்றை விட்டு நலிந்த கயிற்றைக் கட்டியது, பேசிய பாதுகாப்பைச் செய்யாமல் விட்டது, வென்றுவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் இறக்கத்தை எளிதாக எண்ணியது ஆகிய சிறு பிழைகள் ஒன்றுசேர்ந்து பாறையின் விளிம்பில் பேரிழப்பாயின. அவர்கள் அஞ்சாதவர்கள், ஆற்றல் மிக்கவர்கள். நின்று ஆராய்வதற்குத் தேவையான சில நிமிடங்களை மட்டும் அவர்கள் தங்களுக்குத் தந்துகொள்ளவில்லை.

மேலே செல்லாத குருவானவர்

இதே மலையில், மூன்றே நாள்களுக்குப்பின் நடந்த வேறொரு நிகழ்ச்சியை உலகம் அவ்வளவாக அறியாது. மலையின் இத்தாலியப் பக்கத்தில் வால்தூர்னன்ஷ் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அவ்வூரார் இம்மலையைத் தங்கள் மலை என்றே கருதினர். ஷான் அந்துவான் கரெல் என்பவர் அவர்களுள் சிறந்த வழிகாட்டி. இத்தாலிய விடுதலைப் போரில் போர்வீரராய் நின்றவர். அமே கொர்ரே என்பவர் அதே ஊரில் பிறந்தவர். இவர் குருமாணவராயிருந்த 1857ஆம் ஆண்டிலேயே, கரெலோடு சேர்ந்து அம்மலைக்கு வழி தேடிச் சென்றவர். 1861இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

விம்பர் உச்சியை அடைந்த நாளில் கரெலின் குழு இத்தாலிய முகட்டில் ஏறிக்கொண்டிருந்தது. மேலிருந்து விம்பர் குழுவினர் கற்களை உருட்டித் தங்கள் வெற்றியை அறிவித்தனர். கரெல் மனமுடைந்து கீழே இறங்கிவிட்டார். இனி ஏறுவதில் பயனில்லை என்று ஊரே சோர்ந்திருந்தபோது, தாம் உடன் வருவதாகக் கூறி அவரைத் தேற்றியவர் குருவானவர் கொர்ரே. 16ஆம் நாள் ஞாயிறன்று அவர்கள் புறப்பட்டனர். கரெல், பிஷ், மெய்னே, கொர்ரே ஆகிய நால்வரும் மறுநாள் சிகரத்தின் அடியை நெருங்கினர். உச்சிக்கு அருகே ஓர் ஆழமான பாறைப் பிளவு குறுக்கிட்டது. அதனுள் கயிற்றின் உதவியால் இறங்கித்தான் அப்பால் செல்ல முடியும். ஆனால் இறங்கியவர்கள் திரும்பி வரும்போது, மேலே நின்று கயிற்றைப் பிடித்து அவர்களை ஏற்றுவதற்கு ஆள் வேண்டும். எல்லாரும் சென்றால் எவரும் திரும்ப இயலாமற் போகலாம்.

கொர்ரே, தாம் நின்றுவிடுவதாகச் சொன்னார். மெய்னேயும் அவரோடு நின்றார். கரெலும் பிஷ்ஷும் உச்சியைத் தொட்டுத் திரும்பினர். நின்றவர்கள் கயிற்றைப் பிடித்து அவர்களை ஏற்றிக்கொண்டனர். நால்வரும் உயிரோடு ஊர் திரும்பினர்.

எட்டு ஆண்டுகள் கண்ட கனவு கண்ணுக்கெட்டும் தொலைவில் நின்றபோது, அதைத் தம் கையால் தள்ளிவைத்த அந்தக் குருவானவரின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கின்றோம். அவர் கோழையல்லர்; அங்குவரை ஏறி வந்தவர். களைத்துப் போனவருமல்லர், பிறருடைய பாரத்தைத் தாங்கும் வலிமை தமக்குண்டு என்று அறிந்தே நின்றவர். மூன்று நாள்களுக்குமுன் எதிர்ப்பக்கத்தில் செய்யாமல் விடப்பட்ட காவலை, இப்பக்கத்தில் ஒருவர் தம் ஆசையை விலையாகக் கொடுத்துச் செய்தார்.

கரெலின் முடிவும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது. 1890 ஆகஸ்டு மாதத்தில் அவர் சினிகாலியா என்னும் இளைஞரை அதே முகட்டில் அழைத்துச் சென்றார். இரண்டாம் வழிகாட்டியாய்ச் சென்றவர் குருவானவர் கொர்ரேயின் சகோதரர் சார்ல் கொர்ரே. வழியில் கடும் புயல் தாக்கியதால், மலைமீதிருந்த குடிலில் அவர்கள் அடைபட்டனர். உணவும் விறகும் குறைந்தபோது இறங்குவதென முடிவாயிற்று. அறுபத்தொரு வயதான கரெல், பனி மூடிய பாறைகளின் வழியே அவர்களை முன்னின்று நடத்தி இறக்கினார். ஆபத்தான இடங்கள் யாவும் கடந்தபின், மலையடிவாரத்துக்கு அருகே பனியில் சாய்ந்து உயிர் நீத்தார். அவர் பொறுப்பில் வந்தவர் உயிர் பிழைத்தார். அவ்விடத்தில் நாட்டப்பட்ட சிலுவை இன்றும் ஏறுவோரின் கண்ணில் படுகின்றது.

பாறைத் திட்டில் ஓர் இரவு

கரெல் இறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1889 ஜூலை மாத இறுதியில், மிலான் நகரின் அம்புரோசியார் நூலகத்தில் பணியாற்றிய முப்பத்திரண்டு வயதுக் குருவானவர் ஒருவர் மொந்தே ரோசா மலையின் கிழக்குச் சுவரை ஏற வந்தார். அவர் பெயர் அக்கில்லே ராத்தி. அவருடைய நண்பரான குருவானவர் கிராசெல்லியும், கதீன், புரொமெந்த் என்னும் இரு வழிகாட்டிகளும் உடன் வந்தனர். ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரமுள்ள அந்தச் சுவர், ஆல்ப்ஸ் மலைகளிலேயே மிகப் பெரியது. அதன் நடுவே செல்லும் பனிப்பள்ளம் ஒன்று மரினெல்லி என்பவரின் பெயரால் வழங்குகின்றது. 1881இல் அவரும் இரு வழிகாட்டிகளும் அங்கேதான் பனிச்சரிவில் மாண்டனர்.

வெயிலேறினால் பனி இளகிச் சரியும். குளிரில் அது இறுகி நிற்கும். ஆகவே அத்தகைய பள்ளங்களை இருள் நீங்குமுன் கடந்துவிட வேண்டும் என்பது மலை அறிந்தோர் விதி. ராத்தியின் குழு அவ்விதியைப் போற்றியது. பகல் முழுவதும் ஏறி மாலையில் முகட்டை அடைந்தபோது காற்று கடுமையாக வீசியது. இருட்டிவிட்டது. இன்னும் சிறிது முயன்றால் அப்புறம் இறங்கிவிடலாம் என்ற ஆசை எவருக்கும் எழக்கூடிய நேரம் அது. அவர்களோ அங்கேயே நின்றனர். ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரத்தில், ஓரடி எடுத்து வைக்கவும் இடமில்லாத ஒரு பாறைத் திட்டில் இரவைக் கழிக்க முடிவு செய்தனர்.

கொண்டு வந்த உணவில் பெரும்பகுதி உறைந்துபோயிற்று. உறங்கினால் குளிர் உயிரைப் பறித்துவிடும் என்பதால், நின்ற இடத்திலேயே கால்களை உதைத்துக்கொண்டும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டும் விழித்திருந்தனர். அந்தத் துன்பத்தினூடே, விண்மீன்கள் நிறைந்த வானத்தையும் கீழே விரிந்த மலைகளையும் கண்டு தாம் இறைவனின் மாட்சியில் ஆழ்ந்ததைப் பின்னர் ராத்தி எழுதினார். விடிந்தபின் மலையின் உச்சியை அடைந்து, அதுவரை எவரும் கடந்திராத ஒரு கணவாய் வழியே மறுபக்கம் இறங்கினர். அடுத்த வாரத்தில் அவர் மேட்டர்ஹார்ன் மலையையும் ஏறினார். 1890இல் மொன் பிளான் சிகரத்திலிருந்து அவர் இறங்கிய வழியே இன்று இத்தாலியப் பக்கத்தின் வழக்கமான பாதையாக விளங்குகின்றது.

உண்மையான மலையேற்றம் தலைதெறிக்க ஓடுவோரின் செயலன்று. அது விவேகத்தையும், ஓரளவு துணிவையும், உடல் வலிமையையும், விடாமுயற்சியையும், இயற்கையின் அழகை உணரும் உள்ளத்தையும் பொறுத்தது என்பது அவர் எழுத்தின் சாரம். விவேகத்தை அவர் முதலிடத்தில் வைத்ததை நாம் கவனிக்க வேண்டும். திருச்சபை கற்பிக்கும் நான்கு தலையாய நற்பண்புகளின் வரிசையிலும் விவேகமே முதலில் நிற்கின்றது. நீதியும் மனத்திடமும் அளவுடைமையும் அதன்பின்னரே வருகின்றன.

அந்த நூலகர் 1922 பிப்ரவரி 6ஆம் நாள் பதினோராம் பத்திநாதர் என்ற பெயருடன் திருத்தந்தையானார். திருத்தந்தையர் வத்திக்கானை விட்டு வெளியேறாதிருந்த காலம் அது. மலைகளில் திரிந்தவர், 1929இன் இலாத்தரன் உடன்படிக்கைவரை அந்த மதில்களுக்குள்ளேயே வாழ்ந்தார். 1923 ஆகஸ்டில் அவர் வெளியிட்ட திருத்தூது மடலில், கணவாயில் விடுதி எழுப்பிய புனித பெர்நார்தை ஆல்ப்ஸ் மலைவாழ் மக்களுக்கும் மலையேறுவோருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் தூத்துக்குடி மறைமாவட்டத்தை நிறுவி, மேதகு திபூர்சியுஸ் ரோச் அவர்களை அதன் முதல் ஆயராக அவர் நியமித்தார் என்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர் நன்றியோடு நினைவுகூர்வர். 1937இல் நாசிகளின் கொள்கையைக் கண்டித்து அவர் எழுதிய சுற்றுமடல், காவல்துறைக்குத் தெரியாமல் செர்மனிக்குள் அனுப்பப்பட்டுக் குருத்து ஞாயிறன்று ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. எங்கே பொறுத்திருப்பது, எங்கே அடியெடுத்து வைப்பது என்ற அறிவை மலையும் அவருக்குக் கற்பித்திருக்கும் என்றே நாம் எண்ணுகின்றோம்.

மலை கற்பித்த ஒழுங்கு

இந்நிகழ்ச்சிகளிலிருந்தும் எண்ணற்ற பிற இழப்புகளிலிருந்தும் மலையேறுவோர் ஓர் ஒழுங்கை உருவாக்கிக்கொண்டனர். பாறையில் ஏறும்போது இரு கை, இரு கால் ஆகிய நான்கனுள் மூன்று எப்போதும் ஊன்றியிருக்க வேண்டும். ஒன்றை மட்டுமே ஒரு நேரத்தில் நகர்த்தலாம். பற்றும் கல்லை முதலில் தட்டியும் அசைத்தும் பார்த்தபின்னரே உடலின் பாரத்தை அதன்மீது இட வேண்டும். தம் காலால் கல் உருண்டால், கீழே வருவோருக்குக் கேட்கும்படி உடனே உரக்கக் கூவ வேண்டும். பிற்பகலில் இடிமழை திரளும் மலைகளில் விடியுமுன் புறப்பட்டு, நண்பகலுக்குள் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும்.

கயிற்றைப் பற்றிய அறிவும் வளர்ந்தது. எல்லாரையும் ஒரே கயிற்றில் பிணைத்துவிட்டு, எவரும் பாறையில் உறுதியாகக் கட்டப்படாமல் ஒன்றாக நகர்ந்தால், ஒருவரின் வீழ்ச்சி அனைவரின் வீழ்ச்சியாகிவிடும் என்பதை மேட்டர்ஹார்ன் காட்டியது. ஆகவே கடினமான இடங்களில் ஒருவர் பாறையில் தம்மைக் கட்டிக்கொண்டு நிற்க, மற்றவர் நகர்வதே முறையாயிற்று. சணல் வகைக் கயிறுகள் இரண்டாம் உலகப்போருக்குப்பின் மறைந்து, நைலான் கயிறுகள் வந்தன. அவை ஓரளவு நீண்டுகொடுத்து, விழுபவரின் வேகத்தை உள்வாங்குவதால் எளிதில் அறுவதில்லை. 1932இல் பல நாட்டுக் கழகங்கள் ஒன்றுகூடி அனைத்துலக மலையேற்றச் சங்கத்தை அமைத்தன. அது பின்னர்க் கயிறு முதலிய கருவிகளுக்குத் தர விதிகளை வகுத்தது.

ஆல்ப்ஸ் கழகம் 1894இல் ஓர் அபாயக் குறியையும் வகுத்தது. ஆபத்தில் இருப்பவர் விளக்காலோ குரலாலோ ஒரு நிமிடத்தில் ஆறுமுறை குறி காட்ட வேண்டும்; ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். அதைக் கண்டவர் நிமிடத்துக்கு மூன்றுமுறை மறுகுறி காட்ட வேண்டும். உன் குரலைக் கேட்டோம், வருகின்றோம் என்பதே அம்மூன்றின் பொருள். கணவாய் விடுதித் துறவியர் பனியில் இறங்கிச் செய்த பணியே இங்கு ஒரு விதியாக மலர்ந்திருப்பதை நாம் காண்கின்றோம்.

எல்லா விதிகளுக்கும் மேலாக மலையேறுவோர் போற்றுவது திரும்பும் நேரம் என்பதைத்தான். இத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் எங்கே நின்றாலும் திரும்பிவிடுவது என்று புறப்படுமுன்னரே குழுவினர் உறுதி செய்துகொள்கின்றனர். மேலே சென்றபின் எடுக்கும் முடிவை ஆசை வளைத்துவிடும் என்பதால், அமைதியான மனத்தோடு கீழேயே அதை எடுத்துவிடுகின்றனர். உச்சி பாதிவழிதான், இறங்கி வருவதும் பயணத்தில் சேர்ந்ததே.

நமக்கு

மலைகளை நேசித்த இன்னோர் இளைஞரையும் திருச்சபை அண்மையில் நம்முன் நிறுத்தியுள்ளது. தூரின் நகரின் பியர் ஜோர்ஜோ பிராசாத்தி, மலைக்குப் புறப்படுமுன் திருப்பலியில் பங்கேற்பதைத் தவறாத பொறியியல் மாணவர். 1925 ஜூன் மாதத்தில் தாம் பாறையில் ஏறும் நிழற்படம் ஒன்றில், உயரத்தை நோக்கி என்று பொருள்படும் சொற்களை எழுதினார். மறுமாதமே இளம்பிள்ளை வாதத்தால், இருபத்துநான்காம் வயதில் இறந்தார். ஏழை எளியவரின் இல்லங்களுக்கு அவர் மறைவாகச் சென்று உதவியதை, இறுதிச் சடங்கில் திரண்ட ஏழைகளைக் கண்டபோதுதான் குடும்பத்தார் அறிந்தனர். 2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம் நாட்டிலும் இளைஞர்கள் விடுமுறை நாள்களில் மலைகளை நாடுகின்றனர். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் காட்டுத்தீ சூழ்ந்து, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களுடைய பெற்றோரின் கண்ணீர் இன்னும் உலர்ந்திருக்காது. அவ்வாண்டே மலையேற்றத்துக்கான ஒழுங்குவிதிகள் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்டன. 2024இல் வனத்துறையின் வழியாக, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன்வரும் பாதைகள் திறக்கப்பட்டன. நம் பிள்ளைகள் மலைக்குச் செல்ல விரும்பினால் தடுக்க வேண்டுவதில்லை. யாருடன் செல்கின்றாய், வழியறிந்தவர் உடன் வருகின்றாரா, அனுமதி பெற்றாயிற்றா, எந்நேரம் திரும்புவாய் என்று கேட்போம். வழியில் வானம் கறுத்தாலோ, தோழன் ஒருவன் தளர்ந்தாலோ, உச்சியைக் காணாமல் திரும்பி வருவதில் இழிவில்லை என்றும் சொல்லியனுப்புவோம்.

அவ்வாறு சொல்லும்போது 1865 ஜூலை 17ஆம் நாளை நினைத்துக்கொள்வோம். அன்று மேட்டர்ஹார்ன் உச்சியை அடைந்தோரின் பட்டியலில் அமே கொர்ரே என்ற பெயர் இல்லை. அவர் சிகரத்திற்குச் சற்றுக் கீழே, ஒரு பாறைப் பிளவின் விளிம்பில், கையில் கயிற்றோடு காத்திருந்தார். மேலே சென்ற இருவரும் மகிழ்ச்சியோடு திரும்பி வந்தபோது, அவர்களை ஏற்றிக்கொள்ள அந்தக் கயிறு அங்கே இருந்தது.